மேல்கூரையில் கான்டூயிட் (வயர் போகும் பைப்) மாட்ட: ஏணியா, சிசர் லிஃப்டா (ஆளை மேலே தூக்கும் மேடை)?

வேகம்: 100 மீட்டர் பிவிசி பைப்புக்கு 60 செ.மீ.க்கு ஒன்றாகச் சுமார் 167 சேடில் (பைப்பைப் பிடிக்கும் கிளிப்), ஒன்றுக்கு இரண்டாக 330-க்கு மேல் துளை. ஏணியில் ஒரு நிற்பில் எட்டுவது இரண்டு சேடில். 80 தடவைக்கு மேல் இறங்கி நகர்த்த வேண்டும். லிஃப்டில் 3 மீட்டர் பைப்பை இருவர் பிடித்து மாட்டலாம்.

பாதுகாப்பு: ஹேமர் டிரில்லுக்கு இரண்டு கையும் போய்விடும். பிட் (துளை போடும் முனை) கான்கிரீட் ஸ்லாபுக்குள் இருக்கும் கம்பியில் சிக்கினால் மெஷின் திருகி, ஏணியில் நிற்பவரைத் தள்ளும். லிஃப்டில் சுற்றிலும் கைப்பிடிக் கம்பி உண்டு.

செலவு: ஏணி ஒருமுறை வாங்கினால் போதும். லிஃப்டுக்கு வாடகை, லாரிக் கூலி தனி, அதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

தரை: லிஃப்டுக்குச் சமதளம் வேண்டும், சாய்ந்தால் அலாரம் அடித்து நின்றுவிடும்.

வீடு, கடை, நாலைந்து பாயின்ட் என்றால் ஏணி. அலுமினியம் வேண்டாம், ஃபைபர். உயரமான ஷெட்டில் நீள ஓட்டமா, லிஃப்ட்தான்.