ஒட்டு அடீனியம் வாங்கும்முன் டேப்பைப் பிரிக்கச் சொல்லுங்கள்

புதுச்சேரி – கடலூர் சாலையில் அடீனியம் என்கிற பாலைவன ரோஜாச் செடி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு. "ஒட்டு அடீனியம், மூணடுக்குப் பூ" என்று சொல்லி சாதாரண விதைச் செடியைத் தள்ளிவிடுகிறார்கள். எல்லா நர்சரியும் இப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடீனியத்தில் அடுக்குப் பூ ரகத்தின் விதையைப் போட்டால் அதே பூ வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால்தான் அடி பருத்த சாதாரண நாற்றை வெட்டி, நல்ல ரகத்தின் குச்சியை மேலே ஒட்டுகிறார்கள். விலை ஏறுவதும் அந்த வேலைக்காகத்தான். என்னிடம் 1,800 ரூபாய் வாங்கினார்கள். கிளைகளில் பிளாஸ்டிக் டேப் சுற்றியிருந்தது. "பிரிக்காதீங்கக்கா, ஒட்டு விட்டுடும்" என்றார் கடைக்காரர். செடியில் பூ கிடையாது, போனில் கருஞ்சிவப்புப் படம் மட்டும்.

பூத்ததோ ஐந்தே இதழ், வெளிர் ரோஸ். டேப்பைப் பிரித்தால் வெட்டின தழும்பே இல்லை, வழவழவென்று ஒரே தண்டு. அதைவிட ஆத்திரம் வந்தது அடிப்பகுதியைப் பார்த்தபோதுதான். மழையில் கரைந்த செம்மண் பூச்சுக்குப் பின்னால் ஒரு பொந்து. அழுத்தினால் கொழகொழவென்று விரல் உள்ளே போனது. சஹாராவுக்குத் தெற்கேயும் அரேபியாவிலும் காய்ந்த நிலத்தில் வளர்கிற செடி இது. தண்ணீரைச் சேர்த்து வைப்பதே அந்தப் பருத்த அடியில்தான். ஏற்கெனவே அழுகியதைப் பூசி மறைத்து விற்றால் நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எப்படித் தாங்கும்?

போய்க் கேட்டேன். "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்கக்கா." சரி, தண்ணீர் ஜாஸ்தியானால் மூன்றடுக்கு ஓரடுக்காகிவிடுமா என்றேன். பதிலைக் காணோம், பணத்தையும் காணோம்.

பூவோடு இருக்கிற செடியாகப் பார்த்து வாங்குங்கள். உண்மையான ஒட்டில் இணைந்த இடம் தழும்பாகவோ புடைப்பாகவோ தெரியும். டேப்பைப் பிரிக்க மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். அடியைச் சுற்றிலும் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருக்க வேண்டும்.

அப்புறம், செடியை வெட்டினால் வடிகிற பாலைப் பற்றி, "இந்தப் பால் ஒண்ணும் பண்ணாது" என்றும் கடைக்காரர் சொன்னார். நம்ப வேண்டாம். இது அரளிக் குடும்பம். ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவிய விஷம் இதன் பால். கவாத்து செய்யும்போது கையுறை போடுங்கள், குழந்தைகளும் ஆடு மாடும் எட்டாத இடத்தில் தொட்டியை வையுங்கள்.