மதியத்துக்குக் கட்டிக்குடுக்க எது கட்டுப்படியாகும்? புளிசாதம், பருப்பு சாதம், பணியாரம், வெண்டைக்கா மண்டி: ஒரு அலசல்

செட்டிநாட்டுச் சமையல்னாலே வெளியூர்க்காரங்களுக்குக் கோழி மிளகு வறுவலும் நண்டு மசாலாவும்தான் ஞாபகம் வருது. ஆனா காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வீடுகள்ல தினம் காலையில டப்பாவுல போறது புளியும் பருப்பும் பயறும்தான். எங்க வீட்ல மூணு டப்பா கெளம்பும், புள்ளைங்களுக்கு ரெண்டு, அவருக்கு ஒண்ணு. நான் பாக்குறது மூணே விஷயம்: செலவு கையைக் கடிக்கக் கூடாது, மதியம் ஒரு மணிக்குத் தெறக்கும்போது நொசநொசன்னு ஆகியிருக்கக் கூடாது, சாப்பிட்டா சாயங்காலம் வீடு வர்ற வரைக்கும் பசி தாங்கணும். இந்த மூணாவதுலதான் நெறைய டப்பா தோத்துப்போகுது.

முதல்ல புளிசாதம். கெடாம இருக்குறதுல இதை அடிச்சுக்க ஆளே இல்ல. புளியோட புளிப்பும் உப்பும் நல்லெண்ணெயும் சேந்து நம்ம ஊர் சித்திரை வெயில்லயும் தாங்கும். ஞாயித்துக்கிழமை புளிக்காய்ச்சல் கிண்டி பாட்டில்ல போட்டு வச்சுட்டா காலையில சோத்துல பெரட்டுற வேலை மட்டும்தான், வெந்தயம் மல்லி எள்ளு வறுத்துப் பொடிச்சுப் போட்டா வாசமே தனி. ஆனா பசின்னு வந்தா இது பின்னாடிதான். அரிசில 100 கிராமுக்குப் புரதம் 7 கிராம் கிட்டதான் இருக்கு, அதனால எவ்வளவு அள்ளி வச்சாலும் மூணு மணிக்கு வயிறு கேக்க ஆரம்பிச்சுடும். கடலையை நாலு அஞ்சு போடாம ஒரு கை நெறையா போடுங்க, இல்லன்னா கூட ஒரு அவிச்ச முட்டை வைங்க (ஒரு முட்டையில 6 கிராம் புரதம் இருக்கு). அதோட புளி போட்டதை அலுமினிய டப்பாவுல கட்டாதீங்க, புளிப்பு அலுமினியத்தை அரிக்கும், எவர்சில்வர் சம்படம்தான் சரி.

எலுமிச்சை சாதம் இதுக்குத் தம்பி மாதிரி, அவசரத்துக்குச் சரி, வெயில் காலத்துல பழம் வெலை ஏறிடும். அடுப்பை அணைச்சிட்டுச் சாறு பிழிங்க, கொதிக்க விட்டா கசக்கும். தக்காளி சாதத்தை நம்பி மாசக் கணக்குப் போட முடியாது, 2023 ஜூலையில தக்காளி கிலோ ₹100 தாண்டுனது மறந்திருக்காது.

பருப்பு சாதம்தான் செலவையும் பசியையும் சேத்துப் பாத்தா ரொம்ப நியாயமானது. ரேஷன் கார்டுக்கு மாசம் ஒரு கிலோ துவரம்பருப்பு ₹30க்குக் கெடைக்குது, பாமாயில் லிட்டர் ₹25, அரிசி 2011லருந்து காசே இல்ல. துவரம்பருப்புல 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல புரதம் இருக்கு, அரிசியோட சேரும்போது ஒண்ணுல கொறையுறதை இன்னொண்ணு ஈடு கட்டிடும். முருங்கைக்கீரை ஒரு கை கிள்ளிப் போட்டீங்கன்னா அதுக்கும் காசு இல்ல, கொல்லையில இல்லாத வீடு கம்மி. பிரச்சினை என்னன்னா கெடுறதுல இதுதான் முன்னாடி நிக்கும், குக்கர்லருந்து எடுத்த சூட்டோட அப்படியே டப்பாவுல அமுக்கி மூடுனா ஆவி தண்ணியா மாறி மேல சொட்டி மதியத்துக்குள்ள புளிச்சுடும். அரைகுறைச் சூட்டுல மணிக்கணக்கா கெடக்குற சோத்துல ஒரு வகைக் கிருமி வளரும், அது விடுற நச்சு திரும்பச் சூடு பண்ணாலும் போகாது, அதனால இதைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. ஒண்ணு ஹாட்பாக்ஸ்ல நல்ல கொதிச்சூட்டோட வைங்க, இல்ல தட்டுல பரப்பி ஃபேன் காத்துல ஆறவிட்டுக் கட்டுங்க. தேங்கா சேக்கவே வேணாம். பங்குனி சித்திரை வைகாசி மூணு மாசமும் நான் இதைக் கட்டுறதில்ல, ராத்திரிக்கு வச்சிக்குவேன்.

தயிர்சாதத்துக்குக் காலையில தயிரை ஊத்தாம, ஆறுன சோத்தைக் குழைய மசிச்சு, ஆறவச்ச பாலை ஊத்தி ஒரு ஸ்பூன் தயிர் விட்டுக் கட்டுங்க, மதியத்துக்கு உறைஞ்சு புளிக்காம இருக்கும். சின்னப் புள்ளைங்களுக்கு நல்லது. வேலைக்குப் போற ஆம்பளைக்கு இது மட்டும் பத்தாது.

பணியாரம் பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்றேன், ஏன்னா இதை டிபன்னு நெனைச்சு மதியத்துக்குக் கட்டாம விட்டுடுறாங்க. நான் சொல்றது குழிப்பணியாரம், எண்ணெயில பொரிக்கிற வெள்ளைப் பணியாரம் இல்ல. அந்த வெள்ளைப் பணியாரத்துக்கு உழக்குல பச்சரிசியைத் தலைதட்டி அளந்து அது மேல உளுந்தைக் கோபுரமா நிக்கிற அளவு போட்டு ஊறவச்சு ஆட்டணும், ருசிக்கு ஈடு கெடையாது, ஆனா எண்ணெய்ச் செலவு தினத்துக்குக் கட்டாது. குழிப்பணியாரத்துக்கு ரேஷன் அரிசியே போதும், நாலஞ்சு தடவை நல்லா கழுவி ஊறவச்சா அந்த வாடை போயிடும், நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். உளுந்து இருக்குறதால வெறும் சோத்தை விடப் பசி தாங்கும். சின்ன வெங்காயம், பச்சமிளகா, கடலைப்பருப்பு தாளிச்சுக் கொட்டிச் சுட்டீங்கன்னா ஸ்கூல்ல புள்ளைங்க ஸ்பூன் தேடாம கையில எடுத்துச் சாப்பிட்டுருவாங்க, மிச்சம் வராது, கீழ சிந்தாது. தொட்டுக்க வரமிளகா பூண்டு தக்காளி வதக்கி அரைச்ச காரச் சட்னி. ஒரு தடவைக்கு ஏழு இல்ல பன்னெண்டு குழிதான், மூணு டப்பாவுக்கும் சுட்டு எடுக்குறதுக்குள்ள காலையில நேரம் ஓடிடும், அதனால புள்ளைங்க டப்பாவுக்கு மட்டும் வச்சுக்கோங்க.

சப்பாத்தி வயித்துக்கு நிக்கும், மறுக்கல. ஆனா தனியா குருமா வைக்கணும், மாவு பெசையணும், மதியத்துக்கு வறவறன்னு ஆகிடுது. எங்க வீட்ல அது ராத்திரிக்குத்தான்.

கடைசியா மண்டி. எல்லாத்தையும் ஒண்ணா நிறுத்திப் பாத்தா என் ஓட்டு வெறுஞ்சோறும் வெண்டைக்கா மண்டியும்தான். அரிசி கழுவுன ரெண்டாந்தண்ணிலயே புளியைக் கரைச்சு, சின்ன வெங்காயம் பூண்டு பச்சமிளகா வதக்கி, காயைப் போட்டுச் சுண்ட வைக்கிறது, அந்தத் தண்ணியே கெட்டி குடுத்துடும், தேங்கா வேணாம், மசாலா அரைக்கிற வேலை இல்ல. எங்க அப்பத்தா இதுல மொச்சையோ தட்டப்பயறோ வேகவச்சு அள்ளிப் போடுவாங்க, அங்கதான் விஷயமே இருக்கு. காஞ்ச பயறுலயும் பருப்பு அளவுக்குப் புரதம் இருக்கு, ராத்திரியே ஊறவச்சா காலையில குக்கர்ல வெந்துடும், புளி அப்புறம் ஊத்துங்க, முன்னாடியே ஊத்துனா பயறு வேகாம அடம் பிடிக்கும். புளிசாதத்தோட தாங்குற கொணமும் பருப்பு சாதத்தோட பசி அடக்குற கொணமும் இது ஒண்ணுலயே வந்துடுது. வெண்டைக்கா வெலை கூடுச்சுன்னா கத்திரிக்கா, மாங்கா, பலாக்கொட்டை, எது சந்தையில மலிவோ அது. தூக்குல கீழ்த்தட்டுல சோறு, மேல்தட்டுல மண்டி, ஒரு அப்பளம் கூட வச்சா வீட்டுக்காரர் ஒண்ணும் கேக்க மாட்டார்.

புள்ளைங்க மண்டியைப் புளிப்புன்னு தள்ளுச்சுன்னா கொஞ்சூண்டு வெல்லம் சேருங்க, சோத்துலயே பெசைஞ்சு கட்டிடுங்க. பயறை மட்டும் கொறைக்காதீங்க, காயைக் கொறைச்சுக்கலாம்.