போலீஸ் வேலைக்குப் போகும் பிள்ளைக்குத் தள்ளுபடிக் கடன்: நார்த் கரோலினா திட்டம் எப்படி?

அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலச் சட்டமன்றம் 2018இல் கொண்டுவந்த கிரிமினல் ஜஸ்டிஸ் ஃபெல்லோஸ் திட்டத்தைப் பற்றித்தான் இது. பள்ளி முடித்த பிள்ளை கம்யூனிட்டி காலேஜில் (கட்டணம் குறைந்த இரண்டு வருட அரசுக் கல்லூரி) கிரிமினல் ஜஸ்டிஸ், அதாவது குற்றவியல் நீதித் துறை சார்ந்த இரண்டு வருடப் படிப்பில் சேரலாம், அதற்கு மாநிலம் கடன் தரும், படித்து முடித்தபின் மக்கள்தொகை குறைந்த கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒன்றில் நான்கு வருடம் அதே துறையில் வேலை பார்த்தால் கடன் முழுக்கத் தள்ளுபடி. பார்க்காவிட்டால் எல்லாக் கடனையும் போலத் திருப்பிக் கட்ட வேண்டியதுதான்.

எனக்கு இந்தத் திட்டம் பிடித்திருக்கிறது. காரணம் வயது. நார்த் கரோலினாவில் போலீஸ் ஆக 20 வயதாவது ஆகியிருக்க வேண்டும், ஷெரிஃப் (கவுன்டியின் காவல் தலைவர்) அலுவலகத்தில் டெபுடி, அதாவது அவருக்குக் கீழே வேலை பார்க்கும் அதிகாரி என்றால் 21. பள்ளி முடிக்கும்போது பிள்ளைக்கு 18. நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று வருடத்தில்தான் ஆளை இழக்கிறார்கள்: கிடங்கில் வேலை, கட்டுமான வேலை என்று எதிலாவது போய்ச் சேர்ந்து, கையில் சம்பளம் வர ஆரம்பித்துவிட்டால் அப்புறம் யார் திரும்பி வந்து போலீஸ் பயிற்சியில் சேரப் போகிறார்கள்? சின்ன ஊர் ஷெரிஃப்களுக்கு ஆள் கிடைக்காத கஷ்டம் ஏற்கெனவே பெரிது, சேர்ந்தவர்களும் கொஞ்சம் அனுபவம் வந்ததும் சம்பளம் அதிகமுள்ள நகரத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த இடைவெளியைப் படிப்பால் நிரப்பியது நல்ல யோசனை.

பணத்துக்கு வருவோம். தொடங்கியபோது வருடத்துக்கு அதிகபட்சம் 3,152 டாலர் என்று வைத்தார்கள். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் மாநிலத்தில் வசிப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் பல வருடமாகக் கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 76 டாலர்தான், எத்தனை பாடம் எடுத்தாலும் செமஸ்டருக்கு 1,216க்கு மேல் போகாது. இரண்டு செமஸ்டருக்கு 2,432 போக 720 டாலர் புத்தகத்துக்கும் மற்ற கட்டணங்களுக்கும் மிஞ்சும். வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்குச் சரியாகப் போதும். வாடகை, கார், பெட்ரோல் எல்லாம் உங்கள் பாடு.

இங்கேதான் பெற்றோர்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் முதலில் மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா (FAFSA) விண்ணப்பத்தைப் போடுங்கள். மத்திய அரசின் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகை 2024–25இல் அதிகபட்சம் 7,395 டாலர், அதைத் திருப்பித் தரவே வேண்டாம். அதில் பாதி கிடைத்தாலே கல்லூரிக் கட்டணம் கட்டி முடிந்துவிடும். அப்படியிருக்க, 18 வயதுப் பிள்ளை நான்கு வருடத்துக்கு எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்? போலீஸ் பயிற்சிக்கும் ஏதாவது ஒரு காவல் துறை பரிந்துரைத்தால் கம்யூனிட்டி காலேஜில் கட்டணம் கிடையாது. பெல் கிடைக்காத, ஆனால் கையில் காசும் இல்லாத நடுத்தரக் குடும்பத்துக்குத்தான் இந்தக் கடன் உண்மையிலேயே உதவும்.

என் பெரிய குறை, இரண்டு வருடப் படிப்புக்கு நான்கு வருட வேலை கேட்பது. முழுக் கடனும் வாங்கினால்கூட 6,304 டாலர்தான், வருடத்துக்குப் பிரித்தால் 1,576. அதற்காக எந்தக் கவுன்டியில் வாழ்வது என்பதையும் கடன் முடிவு செய்கிறது. ராலே, கேரி பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனியுங்கள்: அந்த ஊர்கள் இருக்கும் வேக் கவுன்டியின் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டியது, பிள்ளை வீட்டுப் பக்கத்திலேயே வேலை பார்த்துக் கடனைக் கழிக்க முடியாது.

மத்திய அரசின் பழைய பெர்கின்ஸ் மாணவர் கடன் இதைவிட நியாயமாக இருந்தது என்பேன். போலீஸ் வேலையில் முதல் இரண்டு வருடம் 15 சதவீதம் வீதம், அடுத்த இரண்டு வருடம் 20 வீதம், ஐந்தாம் வருடம் மீதி 30 சதவீதம் என்று கழித்தார்கள். 10,000 டாலர் கடனோடு சேர்ந்தவர் மூன்றாம் வருட முடிவில் முதுகில் அடிபட்டு வேலையை விட்டாலும் கடனில் 5,000 கழிந்திருக்கும். 2017 செப்டம்பரோடு புதிதாக அந்தக் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

இப்போது நாடு முழுக்க இருப்பது 2007இல் வந்த, மத்திய அரசு மாணவர் கடனுக்கான பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி. நகரம், கவுன்டி, மாநிலம் என எந்த அரசு வேலையும் சரி, இடக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் 120 மாதத் தவணை கட்டியபிறகுதான் தள்ளுபடி, ஒன்பதாம் வருடம் வெளியே போனால் ஒன்றும் கிடையாது. ஆரம்பத்தில் விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு 99 பேரை நிராகரித்தார்கள், கடன் வகை சரியில்லை, தவணைத் திட்டம் சரியில்லை என்று.

நார்த் கரோலினா திட்டத்துக்கு 5க்கு மூன்றரை கொடுக்கிறேன். சேருவதென்றால், நடுவில் உடம்பு முடியாமலோ மருத்துவப் பரிசோதனையில் தேறாமலோ போனால் பார்த்த வருடங்கள் எப்படிக் கணக்காகும் என்று கையெழுத்துக்கு முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய திட்டத்துக்குப் போகிறவர்கள் வேலைச் சான்றுப் படிவத்தை வருடா வருடம் அனுப்புங்கள், ஒரு துறையை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது பழைய இடத்துக் கையெழுத்தை வாங்கிவிட்டே கிளம்புங்கள்.