நாகர்கோவிலிலிருந்து கொச்சிக்கு 'கலைப் பயணம்': பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு போஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறது. குடும்பத்தோடு கொச்சிக்குக் கலைப் பயணம், இரண்டு நாள், வண்டி, ரூம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. 2026 மார்ச் 31ஆம் தேதியோடு கொச்சியில் நடக்கும் பினாலே கலைக் கண்காட்சி முடிகிறது, அதற்குள் கடைசி வாய்ப்பு என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். இந்தப் போஸ்டரைப் போட்ட ஆளிடமே, இதே திட்டத்துக்குப் பணம் கட்டி, பொங்கல் லீவில் பிள்ளைகளோடு போய் வந்தவள் நான். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. போஸ்டரைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

எனக்கு வங்கி வேலை. வீட்டுக்காரர் மஸ்கட்டில். எட்டாவது படிக்கிற மகள், நான்காவது படிக்கிற மகன். வாரக்கணக்கில் லீவு போட்டு ஊர் சுற்றுவதெல்லாம் நடக்காத காரியம். கிடைக்கிற ஒன்றிரண்டு நாளில் எங்காவது போய் நல்ல படம் நாலு பார்த்து, ஒரு காப்பியை ஆறவிடாமல் குடித்துவிட்டு வந்தால் அடுத்த மாதத்துக்குத் தெம்பு வரும். வழக்கமாக அது திருவனந்தபுரத்தோடு முடிந்துவிடும். மியூசியம் வளாகத்தில் ரவிவர்மா படங்கள், கிழக்கேகோட்டையில் சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. கொச்சி அப்படி இல்லை, ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். மகள் ஓவிய வகுப்புக்குப் போகிறாள், கேரளச் சுவரோவியம் என்றால் அவளுக்கு உயிர். மட்டாஞ்சேரி அரண்மனையில் ராஜாவின் பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம் வரைந்திருப்பதாக மிஸ் சொன்ன நாளிலிருந்து அதே பேச்சுதான்.

இந்த இடத்தில்தான் அந்த ஆள் வருகிறார். "எக்கா, நீங்க ஒண்ணும் கவலப்படாண்டாம். பிள்ளியளக் கூட்டிட்டு வடசேரியில வந்து வண்டி ஏறுனா மட்டும் போதும்." நேரமில்லாத ஒரு அம்மாவுக்கு இதைவிட இனிப்பான வார்த்தை உண்டா? பெரியவருக்கு 6,500, பிள்ளைக்கு 4,500. எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து 15,500. முழுத் தொகையும் முன்பணம். கம்பெனி பெயரில் கணக்கு இல்லை, அவருடைய சொந்த நம்பருக்கே ஜிபே. பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி கூடும் எக்கா, உங்களுக்குத்தான் நட்டம்" என்றார். போஸ்டரில் 'மட்டாஞ்சேரி அரண்மனை' என்று எழுதி மேலே போட்டிருந்த படம் நம் பத்மநாபபுரம் அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகம்! தக்கலைக்காரர்களிடமே தக்கலை அரண்மனையைக் காட்டிக் கொச்சிக்கு ஆள் பிடிக்கிற தைரியத்தை என்னவென்று சொல்ல. கேட்டேன். டிசைன் பண்ணின பையன் படத்தை மாற்றிப் போட்டுவிட்டானாம்.

திட்டத்தாளில் இருந்தது இது: வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனை, பினாலே அரங்குகள், மாலையில் கதகளி ஒப்பனையும் ஆட்டமும். சனிக்கிழமை யூத ஜெபக்கூடம், சீன வலை, பிள்ளைகளுக்கு ஓவியப் பயிற்சி. தங்குவது ஃபோர்ட் கொச்சியில் பழைய பங்களா. "லீவு நாளாச்சே, எல்லாம் திறந்திருக்குமா?" என்று தனியாகக் கேட்டேன். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது: "பொங்கல் லீவு நமக்குத்தான் எக்கா, கொச்சியில எல்லாம் தொறந்துதான் கெடக்கும்." அந்த வாய்ஸ் மெசேஜை நான் அழிக்கவில்லை. இப்போது அதுதான் புகாரில் முதல் சான்று.

திருவள்ளுவர் தினம் வெள்ளிக்கிழமை, அதிகாலை நான்கு மணிக்கு வடசேரியில் ஏறினோம். கேரள எல்லையான களியக்காவிளையில் வண்டி நின்றது நின்றதுதான். பர்மிட் போடவில்லை. ஆன்லைனில் முதல் நாளே முடித்திருக்க வேண்டிய வேலையை, வண்டி நிறையப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு டிரைவர் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ரோடு வேலை, ஆலப்புழை நெரிசல். மட்டாஞ்சேரி போய்ச் சேரும்போது மதியம் ஒன்றரை.

அரண்மனை கேட் சாத்தியிருந்தது. உள்ளே இருந்த காவலாளி எங்களைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை, கையை மட்டும் அசைத்தார். "இன்னு வெள்ளியாழ்ச்சயல்லே, அவதியாணு." பக்கத்தில் போர்டே இருக்கிறது. அந்த மியூசியத்துக்கு வாராவாரம் வெள்ளிக்கிழமை விடுமுறை. பொங்கலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மகள் கேட் கம்பி வழியாக ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட வந்த 'கைடு', இருபது வயசு இருக்கும், "வெளியில நின்னு போட்டோ எடுத்துக்கிடுங்க" என்றான். எடுத்தேன். கேட், போர்டு, தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி.

அடுத்த நாள் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் திட்டத்தின் அழகு புரியும். யூத ஜெபக்கூடம் அரண்மனையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. 1568இல் கட்டியது. தரையில் பதித்திருப்பது சீனாவின் கான்டன் நகரத்திலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், கையால் வரைந்தவை. அங்கே சனிக்கிழமை யாரையும் உள்ளே விட மாட்டார்கள். யூதர்களுக்கு அது ஓய்வுநாள், காலங்காலமாக அப்படித்தான். ஆக, வெள்ளி மூடியிருக்கிற இடத்துக்கு வெள்ளிக்கிழமை, சனி மூடியிருக்கிற இடத்துக்குச் சனிக்கிழமை. இரண்டுக்கும் நுழைவுச்சீட்டுப் பணம் நம்மிடம் வாங்கியாயிற்று. தெரியாமல் நடந்திருந்தால் இரண்டில் ஒன்றாவது தப்பியிருக்கும். அட, நாளை மாற்றிப் போட்டிருந்தாலே அரண்மனையையாவது சனிக்கிழமை பார்த்திருக்கலாம். அதையும் வெள்ளிக்கிழமையே கைடிடம் சொன்னேன். "ரூட் ஃபிக்ஸ் பண்ணியாச்சு மேடம்."

ரூட் எதற்காக ஃபிக்ஸ் ஆகியிருந்தது என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. அரண்மனைக்கு ஒதுக்கியிருந்த நேரம் முழுக்க யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் ஒரு கைவினைப் பொருள் கடையில் போயிற்று. நாங்கள் இறங்கும்போதே கடை வாசலில் நின்ற ஒருவர் நீள நோட்டைத் திறந்து வண்டி நம்பரையும் தலைகளையும் எண்ணி எழுதினார். அதில் கைடு கையெழுத்துப் போட்டான். மேல்மாடியில் பாலீஷ் போட்ட யானைகள், பித்தளை விளக்கு, சுவரில் விலைச்சீட்டோடு தொங்கிய நாலைந்து ஓவியங்கள். "இதுவும் பினாலே மாதிரிதான் மேடம், ஆர்ட் கேலரி." கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. கீழே வந்தால் ஏலக்காய் கடை. அங்கேயும் ஒரு நோட்டு.

உண்மையான பினாலேவுக்குப் போகும்போது நாலரை தாண்டிவிட்டது. 2012 டிசம்பர் 12இல் முதல்முறை தொடங்கியது இந்தக் கண்காட்சி. ஒரே கட்டடத்தில் நடப்பதில்லை. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரியில் பழைய பண்டகசாலைகள், கம்பெனிக் கட்டடங்கள் என்று பல இடங்களில் பரவிக் கிடக்கும். ஒரு அறையில் வீடியோ ஓடும், இன்னொன்றில் தரை முழுக்க ஒரே படைப்பு. பிள்ளைகளோடு போனால் ஒரு நாளில் இரண்டு மூன்று அரங்கு பார்த்தாலே பெரிய காரியம். எங்களுக்குக் கொடுத்தது ஒரே அரங்கு, முக்கால் மணி நேரம். உள்ளே இருட்டறையில் ஒலியை மட்டும் வைத்து ஒருவர் செய்திருந்த வேலைக்கு முன்னால் என் மகன், எங்கேயும் இரண்டு நிமிஷம் நிற்காதவன், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிக் கைடு போன் மேல் போன். கிளம்பி எங்கே போனோம்? இன்னொரு கடைக்கு.

கதகளியில் ஒப்பனையைப் பார்ப்பது பாதி ஆட்டம் பார்த்த மாதிரி. ஃபோர்ட் கொச்சியில் மாலையில் நடக்கிற நிகழ்ச்சிகளில், ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கலைஞர்கள் மேடையில் உட்கார்ந்து முகம் எழுதுவார்கள். நல்லவனுக்குப் பச்சை, ராவணன் மாதிரி ஆட்களுக்குக் கத்தி வேஷம், தாடையைச் சுற்றி வெள்ளையாக நிற்கிற சுட்டி. அதைப் பார்த்து வரைவதற்கென்றே மகள் புது நோட்டு ஒன்று கொண்டு வந்திருந்தாள். கடையிலிருந்து நாங்கள் போய்ச் சேரும்போது ஒப்பனை முடிந்து, கண் அசைவு, முத்திரை விளக்கமும் முடிந்து, ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். முன்வரிசை டிக்கெட் என்று வாங்கின பணம் எங்கே போயிற்றோ.

ராத்திரி 'பழைய பங்களா'வைத் தேடிப் போனால் வண்டி ஃபோர்ட் கொச்சியை விட்டே வெளியேறியது. இறக்கிவிட்ட இடம் இடப்பள்ளியில், மேம்பாலத்தை ஒட்டின ஒரு லாட்ஜ். ஃபோர்ட் கொச்சியிலிருந்து நகரத்தின் மறுகோடி. காரணம் மறுநாள் தெரிந்தது. ஜெபக்கூடம் மூடல், சீன வலையைப் பாலத்தில் போகிற போக்கில் "தூரத்துல தெரியுது பாருங்க" என்று காட்டியாயிற்று, மதியம் முழுக்க லாட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய மாலில் விட்டுவிட்டார்கள். (மகனுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ஓவியப் பயிற்சி? திரும்பி வரும்போது வண்டியில், பின்சீட்டில். பிள்ளைக்கு ஒரு வெள்ளைத் தாள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பாக்கெட் கிரேயான்.

நான் குழுவில் கேட்டேன், மரியாதையாகத்தான். சாத்திய கேட் படத்தையும் போட்டேன். பதில் வரவில்லை, குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். போன் பண்ணினால், திட்டத்தாளின் அடியில் பொடி எழுத்தில் 'சூழ்நிலைக்கேற்ப இடங்கள் மாறலாம்' என்று இருக்கிறதாம். மழை, வெள்ளம், பந்த் என்றால் அது சூழ்நிலை. வாராந்தர விடுமுறை எப்படிச் சூழ்நிலை ஆகும்?

அப்புறம் 1915க்குக் கூப்பிட்டேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரைப் பதிவு செய்துகொண்டு அந்த ஆளுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் அவர் பக்கம் அசைந்தது. நுழைவுச்சீட்டுக்கென்று 1,200 ரூபாய் என் கணக்கில் விழுந்தது, கூடவே "பிரச்சனைய முடிச்சிக்கிடலாம் எக்கா" என்று ஒரு மெசேஜ். மீதிக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம், கொச்சிக்கு அலைய வேண்டாம். கட்டின தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். போஸ்டர், திட்டத்தாள், ஜிபே விவரம், வாய்ஸ் மெசேஜ், தேதியோடு எடுத்த படங்கள், இவ்வளவுதான் நான் இணைத்தது. பில் தரவில்லை என்பதையே ஒரு குறையாக எழுதியிருக்கிறேன்.

கொச்சிக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதிகாலை பரசுராம் எக்ஸ்பிரஸில் ஏறினால் எறணாகுளம் டவுன் ஸ்டேஷனில் இறங்கலாம். ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ போகிறது, பிள்ளைகளுக்கு அந்தப் படகே ஒரு சுற்றுலா. ரூமை ஃபோர்ட் கொச்சிக்குள்ளேயே பாருங்கள், வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இரண்டு நாளில் ஒரு நாள் ஞாயிறாக இருந்தால் அரண்மனையும் ஜெபக்கூடமும் ஒரே நாளில் முடியும். கதகளிக்கு ஒப்பனை நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். இங்கே பக்கத்திலேயே பார்த்தாலும் பத்மநாபபுரம், திருவனந்தபுரம் மியூசியம் இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. 'ஞாயிறு, திங்கள் அரண்மனைச் சுற்றுலா' என்று யாராவது தாள் நீட்டினால் திங்களில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். எந்தத் தேதியில் எந்த இடத்துக்குள் போவோம், மூடியிருந்தால் எவ்வளவு திரும்பத் தருவீர்கள், இந்த இரண்டையும் மெசேஜில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

புதிய போஸ்டரிலும் அரண்மனை வெள்ளிக்கிழமைதான், ஜெபக்கூடம் சனிக்கிழமைதான். பொங்கலுக்கு எங்களோடு வந்த குலசேகரம், மார்த்தாண்டம் குடும்பங்கள் இதைப் படித்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். ஆணையத்தின் அனுமதியோடு ஒரே குறைக்காகப் பலர் சேர்ந்து மனு போட வழி இருக்கிறது. இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. போனில் இடம் இல்லை என்று அந்த மெசேஜ்களை மட்டும் அழித்துவிடாதீர்கள்.