சபாவில் பாடுவதா, வாசலோடு திரும்புவதா?

ஒரு நிறுவனத்தின் போக்கு பிடிக்கவில்லை. ஆனால் அங்கிருந்து அழைப்பு வருகிறது. பாடகர் என்ன செய்யலாம்? போகாமல் இருக்கலாம். போய்த் தன் பாட்டைத் தன் வழியில் பாடிவிட்டு வரலாம். அந்தப் பக்கமே பார்க்காமல் வேறு மேடை போட்டுக்கொள்ளலாம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் டிசம்பரில் சபா என்கிற இசை மன்றங்களில் கச்சேரிகள் நடக்கும் சென்னையின் மார்கழி சீசனைவிடத் தோதான இடம் கிடையாது. மூன்றையுமே செய்து பார்த்த ஒருவரும் இங்கே இருக்கிறார்: கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா.

முதலில் விலகல். டிசம்பர் சீசனில் இனிப் பாடப்போவதில்லை என்று 2015-ல் கிருஷ்ணா அறிவித்தார். மேடையிலும் அரங்கிலும் ஒரே சாதியின் ஆதிக்கம் என்பது கர்நாடக இசை உலகத்தின் மீது அவர் வைத்துவந்த விமர்சனம். அப்போது அவர் புகழின் உச்சியில் இருந்தார். அந்த அறிவிப்புக்கு எடை வந்ததே அதனால்தான். மதியம் 12 மணி ஸ்லாட்டில், பெற்றோரும் குருவும் நாலைந்து மாமாக்களும் உட்கார்ந்திருக்கும் அரங்கில் பாடுகிற பையன் ஒருவன் "கொள்கை காரணமாக விலகுகிறேன்" என்று கடிதம் கொடுத்தால் என்ன ஆகும்? செயலாளர் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவார். கேன்டீனில்கூட அது பேச்சாகாது. பாட வாய்ப்புக் கிடைக்க நன்கொடை கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற புகாரே இருக்கும் ஊரில், விலகல் என்பது ஏற்கெனவே பெயர் வாங்கியவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகிற விஷயம்.

பக்கவாத்தியக்காரர் கதை இன்னும் மோசம். பாடகர் ஒரு தேதியை விட்டுக்கொடுத்தால் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் அன்றைய சம்பாவனை, அதாவது கச்சேரிக்கான ஊதியம், சேர்ந்தே போகிறது. விலகல் அறிக்கைகளில் அவர்கள் பேச்சே வருவதில்லை.

விலகல் ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமான ஆயுதமும் அல்ல. 2024 மார்ச்சில், சென்னையின் முக்கிய சபாவான மியூசிக் அகாடமி, தன் பெரிய விருதான சங்கீத கலாநிதியைக் கிருஷ்ணாவுக்கு அறிவித்தது. அகாடமி வழக்கப்படி, விருது பெறுபவரே அந்த ஆண்டு மாநாட்டுக்குத் தலைவர். அவர் தலைமையில் நடக்கும் மாநாட்டில் பங்கேற்க மாட்டோம், டிசம்பர் 25 கச்சேரியும் பாட மாட்டோம் என்று பாடகிகள் ரஞ்சனி – காயத்ரி சகோதரிகள் அறிவித்தார்கள். பெரியாரைக் கிருஷ்ணா போற்றுவதை முக்கியக் காரணமாகக் காட்டினார்கள். வேறு சிலரும் விலகினார்கள். சித்ரவீணை ரவிகிரண் தான் வாங்கிய சங்கீத கலாநிதியையே திருப்பிக் கொடுத்தார். அகாடமித் தலைவர் என். முரளி, சகோதரிகளின் கடிதத்தைக் கண்டித்துப் பதில் எழுதினார்.

கிருஷ்ணா விலகியது சரி, இவர்கள் விலகியது தப்பு என்று சொல்வது சுலபம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மனசாட்சி ஒப்பவில்லை என்றால் பாடாமல் இருக்க இருவருக்கும் சம உரிமை. இரண்டு தரப்புமே தங்கள் கைக்காசை, தங்கள் மேடையை இழந்துதான் பேசினார்கள். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. உள்ளே யாரையெல்லாம் விடவில்லை என்பது 2015 விலகலின் சண்டை. உள்ளே யாரை விட்டார்கள் என்பது 2024 விலகலின் சண்டை. எந்தப் பக்கம் நிற்பேன் என்று கேட்டால் முதல் பக்கம்தான்.

அடுத்தது, உள்ளே போய்ப் பாடுவது. அந்த டிசம்பர் 25 அன்று அகாடமி மேடையில் பாடியவர் கிருஷ்ணாதான். ஒன்பது வருடம் கழித்து அவர் சீசனுக்குத் திரும்பிய கச்சேரி அது. 'அப்படியானால் அகாடமி மாறிவிட்டதா, இல்லை இவர் இறங்கிவந்துவிட்டாரா?' என்ற கேள்வி நியாயமானது. முன்வரிசையில் உட்காரும் முகங்கள் ஒன்பது வருடத்தில் பெரிதாக மாறிவிட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் தன் பேச்சில் எதையும் திரும்பப் பெற்றுக்கொண்டு போகவில்லை. பேசியதெல்லாம் தெரிந்தேதான் கூப்பிட்டார்கள், கூப்பிட்டதற்காக வசவும் வாங்கினார்கள். நிறுவனம் தன் பங்குக்கு விலை கொடுக்கிறது என்றால், உள்ளே போவதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

விலை கொடுக்காத நிறுவனங்களும் உண்டு. மிருதங்கம் செய்யும் தொழிலாளர்களைப் பற்றிக் கிருஷ்ணா எழுதிய நூலின் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியை, சென்னையின் கலைப் பள்ளியான கலாக்ஷேத்ரா 2020-ல், விழாவுக்குச் சில நாள் முன்னால் ரத்து செய்தது. தோல் பதப்படுத்தி வாத்தியம் செய்கிற தலித் குடும்பங்களைப் பற்றிய நூல் அது. விழா தரமணிக்கு, ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. 'போவதா வேண்டாமா' என்று கலைஞர் யோசிப்பதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டார்கள். 2018 நவம்பரில் டெல்லியிலும் இதே கதை: சமூக ஊடக வசவுக்குப் பிறகு விமான நிலைய ஆணையம் ஆதரித்த நிகழ்ச்சி நின்றுபோக, டெல்லி மாநில அரசு வேறு இடத்தில் அவருக்கு மேடை கொடுத்தது.

உள்ளே போவதற்கு ஓர் எல்லையும் உண்டு. அதற்கு நம்மூர் உதாரணம் போதாது. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் இத்தாலிய இசை நடத்துநர் டொஸ்கானினி ஜெர்மனியின் பைராய்ட் இசை விழாவுக்கு வர மறுத்தார். ஜெர்மன் இசை நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் நாட்டிலேயே தங்கினார். நாஜிகளுக்குப் பிடிக்காத இசையமைப்பாளர் ஹிண்டெமித்துக்காகப் பத்திரிகையில் எழுதி 1934-ல் பதவிகளைத் துறந்தார். யூத இசைக்கலைஞர்களுக்கு உதவினார். அடுத்த ஆண்டே மீண்டும் மேடை ஏறினார். 1942 ஏப்ரலில், ஹிட்லர் பிறந்தநாளுக்கு முந்தின நாள், பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை நடத்தினார். முடிந்ததும் நாஜி பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் மேடையருகே வந்து கை கொடுக்கிறார். அது படச்சுருளில் பதிவாகியிருக்கிறது. அன்று அந்த வாசிப்பு எவ்வளவு பிரமாதமாக இருந்தது என்று வாதாடுபவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கைகுலுக்கலைப் பார்த்தவர்களிடம் அந்த வாதம் எடுபடுவதில்லை. சபாவையும் நாஜி அரசையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அழைப்பவருக்குத் தேவை பாட்டா, பக்கத்தில் நின்று எடுத்துக்கொள்ளும் படமா என்பதுதான் எல்லை. படம்தான் தேவை என்றால், என்ன ராகம் பாடினாலும் பயனில்லை.

மூன்றாவது வழி, சொந்த மேடை. இது புதிதில்லை. தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகள் கச்சேரியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக வந்த காலத்தில், அண்ணாமலை செட்டியார் முன்னின்று 1943-ல் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்கினார். அகாடமி வட்டாரத்தில் எதிர்ப்பு கிளம்பியது. தமிழிசை இயக்கத்தின் பக்கம் நின்று பாடிய எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1968-ல் அதே அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது. வெளியே வலுவாக ஒரு மேடை இருந்தால், உள்ளே இருப்பவர்களுக்கும் காது கொஞ்சம் திறக்கும்.

கிருஷ்ணாவும் நண்பர்களும் 2015-ல் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா அப்படி ஒன்று. மீனவர் குப்பத்துத் தெருவில் பறையும் கூத்தும் பரதமும் கர்நாடக சங்கீதமும் ஒரே மேடையில். மயிலாப்பூரிலிருந்து கேமராவோடு வருபவர்களுக்கான விழாவா, குப்பத்துக்காரர்களுக்கான விழாவா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இரண்டுமாக இருந்தால்தான் என்ன என்றும் தோன்றும். வெளியே போனதில் பாட்டே மாறியது என்பதுதான் எனக்கு முக்கியம். எண்ணூர் கழிமுகம் பாழாவதைப் பற்றி 2017-ல் வந்த புறம்போக்குப் பாடலில், மெட்ராஸ் பாஷை ஆனந்தபைரவி, பேகடை ராகங்களில் உட்கார்ந்தது. சபா மேடைக்காக யோசித்திருந்தால் அப்படி ஒரு பாட்டு வந்திருக்காது.

வாங்கிய சம்பாவனையை நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடுவது என்று நாலாவது வழி ஒன்றைச் சிலர் சொல்வார்கள். அது கணக்கை நேர்செய்யுமே தவிர, நிறுவனத்துக்கு எதுவும் உறைக்காது.

என் வரிசை இதுதான். பெயர் உள்ளவர்: முதலில் வெளியே மேடை, பிறகு விலகல், கூப்பிட்டால் வாயை மூடாமல் திரும்புதல். மேடை இல்லாமல் விலக மட்டும் செய்தால் இரண்டு சீசனில் மறந்துவிடுவார்கள். மதிய ஸ்லாட் பையன், பக்கவாத்தியக்காரர்: தாராளமாகப் போகட்டும், காசைக் கேட்டு வாங்கட்டும். அவர்கள் பாடி, வாசிப்பதை வைத்துக் கொள்கைப் பரீட்சை நடத்த நமக்கு அருகதை இல்லை. பெரிய பாடகர் விலகுவதென்றால், அறிக்கைக்கு முன்னால் வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் ஒரு போன் போடட்டும். அன்றைய சம்பாவனையைத் தன் கையிலிருந்து கொடுக்கட்டும்.