வெட்டிய ஓரம்: மாயன் கைத்தறித் துணியில் தைத்த ஏப்ரன் இணை, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு

அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே துணியில் தைத்த ஏப்ரன் இணை ஒன்றை நானும் என் மகளும் நான்கு ஆண்டுகளாக அணிந்து வருகிறோம். சென்ற வாரம் அவளுடைய ஏப்ரனின் பக்க ஓரம் மூன்றாம் முறையாகப் பிரிந்துவிட்டதால், தையற்காரரிடம் கொண்டு போனேன். இதுபோன்ற இணையைத் தானும் வாங்கலாமா என்று தோழி கேட்டு இரண்டு மாதங்களாகின்றன. துணியின் மேல் உள்ள பாசத்தால் பதிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், இப்போது எழுதிவிடுகிறேன்.

ஏலக்காய் வணிக வேலையாகக் கணவர் குவாத்தமாலா போனபோது நாங்களும் உடன் சென்றிருந்தோம். அந்திகுவா நகரின் கடையொன்றில் இதை வாங்கினோம். அந்நகரை அடுத்த சான் அந்தோனியோ அகுவாஸ் காலியந்தெஸ் என்ற ஊரில், அந்நாட்டுப் பழங்குடியான மாயரில் கக்சிக்கேல் பிரிவினர் வாழும் இடத்தில், நெய்த பழைய வீப்பில் ஒன்றை வெட்டித் தைத்தது என்று கடைக்காரம்மா சொன்னார். வீப்பில் என்பது மாயன் பெண்கள் உடுத்தும் மேற்சட்டை. தனித்தனியாக நெய்த துண்டுகளை இணைத்து, தலை நுழைய வழிவிட்டுத் தைப்பார்கள். பழையதாகி வீட்டைவிட்டு வெளியேறும் வீப்பில்கள்தாம் பைகளாகவும் செருப்புகளாகவும் ஏப்ரன்களாகவும் கடைக்கு வருகின்றன.

துணி உழைப்பதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. முதல் நான்கைந்து துவைப்புகளில் சிவப்புச் சாயம் இறங்கியது. அதன் பிறகு நின்றுவிட்டது. தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் உள்ளே இறங்குவதில்லை. கோடையில் கனமாகத்தான் இருக்கும்.

என்னை நான்கு ஆண்டுகளாக வாட்டுவது ஓரம்தான். மாயன் பெண்கள் பாவின், அதாவது நீளவாட்டு நூல்களின், ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டி, மறுமுனையைத் தம் இடுப்பைச் சுற்றிய பட்டையில் மாட்டி, உடலின் இழுப்பாலேயே பாவை விறைப்பாக வைத்து நெய்கிறார்கள். இந்த இடுப்புத் தறியில் பாவு நூல்கள் இரு முனைகளிலும் வளையமாகத் திரும்புவதால், கத்தரிக்கோலே படாமல் நான்கு பக்கமும் ஓரம் முடிந்த துணியை நெய்து எடுக்க முடியும். கடைசி நான்கு விரற்கடையில் கையை நுழைக்க இடமிருக்காது என்பதால், மெல்லிய குச்சியைக் கொண்டு ஊடை என்னும் குறுக்கு நூலை ஒவ்வொன்றாகச் செலுத்தி முடிக்கும் பொறுமையான வேலை அது. கழுத்துக்காக வெட்டும் இடத்தைக்கூட உடனே பட்டி வைத்து மூடிவிடுவார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த துணியை ஏப்ரன் வடிவத்துக்கு வளைத்து வெட்டியவர், ஓவர்லாக்கூடப் போடாமல், கால் அங்குலப் பைப்பிங்கை மட்டும் சுற்றித் தைத்திருக்கிறார். துவைக்கத் துவைக்க நூல்கள் பைப்பிங்கிலிருந்து நழுவி, குஞ்சம் போலத் தொங்கத் தொடங்கிவிட்டன. பழந்துணியைத் தேடிப்பிடித்து மறுவாழ்வு கொடுத்தவர், தையலுக்கு இன்னும் அரை அங்குலம் விட்டிருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது.

இம்முறை தையற்காரர் பக்க ஓரத்தோடு நிற்காமல், உள்ளே வைத்துத் தைத்திருந்த காடாத் துணி லைனிங்கை முழுவதுமாகப் பிரித்தார். "அம்மா, கிளிக்கு இந்தப் பக்கமும் கண் இருக்கு" என்று மகள்தான் முதலில் கண்டு சொன்னாள். துணியில் நெய்திருந்த கிளியைத் திருப்பிப் பார்த்தேன். அதே கிளி, அதே மஞ்சள் மூக்கு, இறக்கையில் அதே மூன்று பச்சைக் கோடுகள். எங்கும் நூல் தாண்டி ஓடவில்லை, ஒரு முடிச்சும் தெரியவில்லை. இரு பக்கத்துக்கும் ஏதாவது வேறுபாடு இருக்குமென்று தையற்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தேடிப் பார்த்து, "இதுல எதுக்கும்மா நல்ல பக்கம்?" என்று கேட்டார். பின்னர்தான் விவரம் தேடிப் படித்தேன். சான் அந்தோனியோ நெசவுக்குப் பெயர் பெற்றுத் தந்ததே மார்க்கதோர் என்ற இந்த நுட்பம்தான்: பூவையும் பறவையையும் நிறநூலால் பாவிழைகளைச் சுற்றிச் சுற்றி, இரு முகத்திலும் ஒன்றுபோலத் தெரியும்படி தறியிலேயே நெய்துவிடுகிறார்கள். தோலில் படும் பக்கத்துக்கும் ஒரு பெண் அத்தனை உழைத்திருக்கிறாள். அதன்மேல் காடாவை ஒட்டி நான்கு ஆண்டுகள் என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார்கள்.

ஏப்ரனின் சீட்டில் கடையின் பெயர் இருக்கிறது, "கைவேலை" என்றிருக்கிறது, நெய்தவள் பெயர் இல்லை. பழந்துணியில் பெயரைக் கண்டறிவது அரிது என்பதை ஏற்கிறேன். ஊர்ப் பெயரையாவது அச்சிட்டிருக்கலாமே, கடைக்காரம்மாவுக்கு அது தெரிந்துதானே இருந்தது! அந்த ஊர் அமைந்துள்ள சக்காத்தெப்பெக்கெஸ் மாநிலத்தைச் சேர்ந்த அஃபெதெஸ் என்ற மாயன் பெண்கள் அமைப்பு, தங்கள் நெசவு வடிவங்களைப் பிறர் எடுத்து விற்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று 2016-இல் குவாத்தமாலாவின் அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடியது. நெசவாளர் சமூகங்களின் கூட்டு அறிவுசார் சொத்துரிமையைக் காக்கும் சட்டத்தை இயற்றுமாறு நீதிமன்றமும் 2017-இல் நாடாளுமன்றத்தை வலியுறுத்தியது. கிளியின் மறுபக்கத்தைப் பார்த்த பிறகு, அந்தப் பெண்கள் ஏன் நீதிமன்றப் படியேறினார்கள் என்பது எனக்கு விளங்குகிறது.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் தோழிக்கு என் பதில், ஏப்ரனாக வாங்காதே என்பதுதான். அங்கே போக வாய்த்தால், அதே பணத்துக்கு வெட்டாத சிறு துணி ஒன்றை நெய்த பெண்ணிடமே கேட்டு வாங்கு. நான்கு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்த்து வாங்கு. ஏப்ரன் வேண்டுமென்றால் வெட்டாமல் மேல் முனைகளில் நாடா மட்டும் வைத்துக் கட்டிக்கொள்.

மகளுடையதற்கு இப்போது முக்கால் அங்குலப் பட்டி வைத்து, நாடாவை நான்கு விரற்கடை நீட்டியாயிற்று. லைனிங் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். நேற்றுக் காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் வெளியே தெரியும்படி அணிந்திருந்தாள். என்னுடையதை வரும் சனிக்கிழமை பிரித்துத் தருவதாகத் தையற்காரர் சொல்லியிருக்கிறார்.