உமரியா, வங்கராவச்சியா?

வேதாரண்யம் உப்பளப் பக்கமோ பிச்சாவரம் சேற்றங்கரையிலோ நடந்தால் இரண்டும் காலில் இடறும். உமரி (சாலிகோர்னியா) இலையே இல்லாதது போலக் கணுக்கணுவாய் நிற்கும் சதைத் தண்டு. வங்கராவச்சி (செசுவியம்) தரையோடு படரும், தடித்த இலையும் சின்ன இளஞ்சிவப்புப் பூவும் உண்டு. இரண்டையும் தின்னலாம். இரண்டையும் மருந்து என்று சொல்லி விற்பவர்களும் உண்டு.

உப்பு மண்ணில் பிழைக்கும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான். உறிஞ்சிய சோடியத்தைச் செல்லுக்குள் இருக்கும் குமிழியில் போட்டுப் பூட்டிவிடும். பூட்டிய உப்பு மீதிச் செல்லின் நீரை இழுத்துவிடாமல் இருக்க, குமிழிக்கு வெளியே ஈடாக வேறொன்று வேண்டுமே? உமரி அதற்குக் கிளைசின் பீட்டைன் என்ற சேர்மத்தைச் சேர்க்கிறது. வங்கராவச்சி பெரிதும் ப்ரோலின் என்ற அமினோ அமிலத்தை நம்புகிறது. முற்றிய உமரி செக்கச்செவேல் என்று மாறுவது பீட்டாசயனினால். பீட்ரூட்டின் நிறமிக் குடும்பம்தான்.

மருந்துக் கதையில் உமரிக்கே ஆய்வுப் பலம் அதிகம். கொரியாவில் அதிலிருந்து துங்துங்மாடிக் அமிலம் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைப் பிரித்தார்கள். துங்துங்மாடி என்பது உமரிக்கு அங்குள்ள பெயர். உப்பு அதிகம் கொடுத்த எலிகளுக்கு உமரிச் சாறு தந்து, ரத்த அழுத்தம் குறைவதையும் பார்த்தார்கள். ஆனால் அது உப்பை நீக்கிய சாறு! 'பிரஷருக்கு உமரி' என்று அப்படியே பறித்துத் தின்பவர் உப்பையும் சேர்த்தே தின்கிறார். பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இதே செடியிலிருந்து தாவர உப்பே தயாரித்திருக்கிறது. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் இதுவும் சேரும்.

வங்கராவச்சியின் சரக்கு வேறு. அதில் எக்டிஸ்டிரோன் இருக்கிறது. பூச்சிகள் தோலுரிக்கப் பயன்படுத்தும் ஹார்மோன் இது. பட்டுப்புழுக்கள் ஒரே சமயத்தில் கூடு கட்ட இந்த வகைப் பொருளைத் தெளிப்பதுண்டு. தசை வளர்க்கும் என்ற பேச்சால், 2020இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் கண்காணிப்புப் பட்டியலிலும் ஏறியது. அதற்காகக் கீரைக் கூட்டு சாப்பிட்டால் புஜம் புடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

சரி, சமையலுக்கு? என் ஓட்டு வங்கராவச்சிக்குத்தான். உமரியில் நுனித் தளிர் மட்டுமே தேறும். முற்றினால் நடுவில் நார், உருவி எறிய வேண்டும். வங்கராவச்சியை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் உப்பும் ஆக்சலேட்டும் ஓரளவு போய்விடும். அப்புறம் பருப்பும் தேங்காயும் சேர்க்கலாம், உப்பு மட்டும் கடைசியில் ருசி பார்த்து. பிலிப்பைன்ஸில் இதை ஊறுகாயாகவும் போடுகிறார்கள். ஆக்சலேட் கல்லாகப் படியக்கூடியது என்பதால், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இரண்டையும் தள்ளிவைப்பது நல்லது.

ஆலைக் கழிவு வாய்க்கால் ஓரத்தில் பறித்தது என்றால் வங்கராவச்சிக்கு நான் போட்ட ஓட்டு செல்லாது. காட்மியத்தையும் ஈயத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி அது.